சுசீந்திரம் தாணுமாலயன் கோயில்: முதல்முறை போகிறவர்களுக்குப் படிப்படியான விளக்கம்

கன்னியாகுமரிக்கு வரும் சுற்றுலா வண்டிகள் சூரிய உதயமும் விவேகானந்தர் பாறையும் முடிந்த கையோடு சுசீந்திரத்தில் அரை மணி நேரம் நிறுத்துவார்கள். அந்த அரை மணியில் ஆஞ்சநேயரைக் கும்பிடலாம். கோயிலைப் பார்க்க முடியாது. குறைந்தது இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். இரண்டு சுற்று வர வேண்டும்: முதல் சுற்று சாமிக்கு, இரண்டாவது சுற்று கல்லுக்கு. இரண்டையும் ஒன்றாகச் செய்யப் போனால் வரிசையில் நிற்கும்போது சிற்பத்தை விடுவீர்கள், சிற்பத்தைப் பார்க்கும்போது தீபாராதனையை விடுவீர்கள்.

1. நாளும் நேரமும்

காலை 7 மணிக்குள் கோயில் வாசலில் இருங்கள். குமரி மாவட்டக் கோயில்களில் உச்சிப் பூசை முடிந்ததும் நடை சாத்திவிடுவார்கள். 11 மணிக்கு வந்து சேர்ந்தால் தரிசனம் கிடைக்கலாம், பிரகாரத்தில் நிதானமாக நடக்க நேரம் இருக்காது. பிறகு மாலை 5 மணி வரை காத்திருக்க வேண்டிவரும். வெளியூர்க்காரர்களுக்கு அதிகம் நேர்வது இதுதான்.

சனிக்கிழமை ஆஞ்சநேயருக்குக் கூட்டம் கூடும். சிற்பம் பார்க்க வருபவர்கள் செவ்வாய், புதன் போன்ற நாட்களில் வாருங்கள். ஆனால் மார்கழித் திருவிழா வேறு கணக்கு. 10 நாள் திருவிழாவில் 3-ஆம் நாள் இரவு 'மக்கள்மார் சந்திப்பு'. கோட்டாறு விநாயகரும் வேளிமலை முருகனும் தாய் தந்தையரைப் பார்க்க வந்து சேர்வார்கள். 9-ஆம் நாள் தேரோட்டம். அந்த நாட்களில் கல்லைப் பார்க்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, ரதவீதியில் ஜனங்களோடு நில்லுங்கள்.

2. உடுப்பும் கையில் இருக்க வேண்டியதும்

ஆண்கள் சட்டையும் பனியனும் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை இந்தப் பகுதி இன்றைய கேரளத்துப் பக்கமான திருவிதாங்கூரோடு இருந்தது, அங்குள்ள கோயில் வழக்கம் இன்றும் தொடர்கிறது. வேட்டி கட்டிக்கொண்டு ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே அதைத் துவர்த்து என்பார்கள். பெண்களுக்குச் சேலை, பாவாடை தாவணி, துப்பட்டாவோடு சுடிதார் எதுவும் சரி.

கழற்றிய சட்டையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நடந்தால் அர்ச்சனைத் தட்டு வாங்கக் கை இருக்காது. சின்னத் துணிப்பை ஒன்று போதும். அதில் பத்து, இருபது ரூபாய்த் தாள்கள், ஒரு சிறிய டார்ச். உள்ளே புகைப்படத்துக்கு அனுமதி இல்லை, கைப்பேசியை அணைத்துப் பையில் போடுங்கள். டார்ச் ஒளியையும் சன்னதிப் பக்கம் திருப்பாதீர்கள்.

திருநெல்வேலி வழியாக வருபவர்கள் தோவாளைப் பூச்சந்தையில் பூ வாங்கலாம். அங்கே மொத்த வியாபாரம் என்பதால் விடியற்காலையில் போனால்தான் பிச்சிப்பூ நல்ல மணத்தோடு கிடைக்கும்.

3. வந்து சேர்வது

நாகர்கோவில் அண்ணா பேருந்து நிலையத்திலிருந்து கோட்டாறு, இடலாக்குடி வழியாகக் கன்னியாகுமரி போகும் பேருந்தில் ஏறுங்கள். ஏறும்போதே "சுசீந்திரம் நிற்குமா?" என்று நடத்துநரிடம் கேட்டுவிட வேண்டும். புறவழிச் சாலையில் போகும் வண்டி ஊருக்குள் வராது. பழையாற்றுப் பாலம் தாண்டியதும் கோபுரம் தெரியும். நாகர்கோவிலிலிருந்து 5, 6 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து 12 கிலோமீட்டர் அளவு.

4. முதல் சுற்று: தரிசனம்

7 நிலை, சுமார் 134 அடி உயரம் கொண்ட கிழக்குக் கோபுரத்துக்கு முன்னால் சற்றே நின்றுவிட்டு உள்ளே வாருங்கள். தாணு என்றால் சிவன், மால் விஷ்ணு, அயன் பிரம்மா; மூவரும் ஒரே லிங்க வடிவில் இருப்பதால் தாணுமாலயன். அகலிகையால் வந்த சாபம் தீர இந்திரன் இங்கே வந்து தூய்மை பெற்றான், சுசி என்றால் தூய்மை, அதனால் சுசீந்திரம் என்பது தல புராணம்.

உள்ளே இரண்டு கருவறைகள். தாணுமாலயன் இருப்பது வடக்கேடம், பெருமாள் இருப்பது தெக்கேடம். பலர் வடக்கேடத்தில் திருநீறு வாங்கியதும் கூட்டத்தோடு வெளியேறிவிடுகிறார்கள். தெக்கேடத்தையும் கும்பிட்டுவிட்டு வாருங்கள். அடுத்து கொன்றையடி. தல விருட்சமான கொன்றையின் அடியில் இருக்கும் இந்தச் சன்னதியைத்தான் கோயிலின் மூல இடமாகச் சொல்கிறார்கள்.

இங்கே அர்த்தசாமப் பூசையை இந்திரனே செய்வதாக நம்பிக்கை. அதனால் அர்ச்சகர்கள் 'அகம் கண்டது புறம் கூறேன்' என்று சத்தியம் செய்து பொறுப்பேற்கும் மரபு உண்டு. இரவுப் பூசையைப் பற்றி அவர்களிடம் துருவிக் கேட்பது முறையல்ல.

ஆஞ்சநேயர் கடைசியில். ஒரே கல்லில் 18 அடி. மிக அருகில் நின்றால் முகம் தெரியாது, நாலைந்து எட்டு பின்னால் வந்து நில்லுங்கள். வடைமாலை சாத்த வேண்டுமென்றால் அன்று காலை வந்து கேட்டால் கிடைக்காமல் போகலாம். முன்னதாகவே தேவசம் (கோயில் நிர்வாக) அலுவலகத்தில் பணம் கட்டி நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

5. இரண்டாவது சுற்று: கல்

இப்போது கிழக்கு வாசல் பக்கம் திரும்பி வந்து வெளிப்பிரகாரத்தில் வலமாக மெதுவாக நடங்கள். தூண்தோறும் கையில் விளக்கேந்திய பாவைகள். எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும், ஒன்றல்ல. கொண்டை, காதணி, சேலைக் கொசுவம் ஆகிய மூன்றை மட்டும் ஒரு பத்துத் தூண்களுக்கு ஒப்பிட்டுப் பாருங்கள். கண் பழகிவிடும். பிறகு மற்றச் சிற்பங்களும் தாமாகவே பிடிபடும்.

தேடிப் பார்க்க வேண்டியவை மூன்று. பெண் உருவில் இருக்கும் பிள்ளையார், விக்னேஸ்வரி. தூண் சிற்பமாக இருப்பதால் தேடாமல் கண்ணில் படாது, ஊழியர்களிடம் கேட்டால் காட்டுவார்கள். மண்டப மேற்கூரையில் செதுக்கிய நவக்கிரகங்கள். வேறு கோயில்களில் போல அவற்றைச் சுற்றி வர முடியாது, அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். மூன்றாவது மாக்காளை என்று அழைக்கும் பெரிய நந்தி. பக்கவாட்டில் நின்றால்தான் அதன் அளவு புரியும்.

வடக்குப் பிரகாரத்தில் அலங்கார மண்டபத்தின் இசைத் தூண்களுக்கு நேரம் கொடுங்கள். ஒரே பாறையைக் குடைந்து, கொத்துக் கொத்தாகச் சிறு தூண்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றின் பருமனும் வேறு என்பதால் ஒலியும் வேறு. தயவுசெய்து தட்டாதீர்கள். நாணயத்தாலும் மோதிரத்தாலும் தட்டும்போது கல்லின் மேற்பரப்பு பொடியாக உதிரும், தடிமன் குறைந்தால் சுரமும் மாறிவிடும். எத்தனையோ தலைமுறையாக நிற்கும் தூணைத் தட்டிக் காட்டச் சொல்லி வழிகாட்டிக்குப் பணம் கொடுப்பதும் அதே கேட்டைத்தான் செய்கிறது. கண்ணால் எண்ணுங்கள், அதுவே போதும்.

அபிஷேக நீர் வழியும் இடங்களில் கல் எண்ணெய்ப் பிசுக்கோடு வழுக்கும். முதியவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

6. வெளியே வந்தபின்

ரதவீதிகளைச் சுற்றி ஒருமுறை நடங்கள். ஒடுக்கப்பட்ட சாதியினர் இந்த வீதிகளில் நடக்கும் உரிமைக்காகவே 1926-இல் சுசீந்திரம் சத்தியாகிரகம் தொடங்கியது. 1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்த பிறகுதான் எல்லா இந்துக்களுக்கும் கோயில் கதவு திறந்தது. கோபுரத்துக்கு முன் நிற்கும்போது இதையும் தெரிந்து நிற்பது நல்லது.

தெப்பக்குளப் படியில் உட்கார்ந்து, கடையில் வாங்கிய மட்டிப்பழம் இரண்டு சாப்பிடுங்கள். சின்ன வாழைப்பழம், மணம் அதிகம். இந்த மாவட்டத்துக்கே உரியது. தோலைக் குளத்தில் போடாமல் பையில் வையுங்கள். வெயில் ஏறுவதற்குள் தேரூர்ப் பக்கம் போனால் குளத்தில் நீர்ப்பறவைகள் நிற்கும். ஆட்டோவில் போகிறவர்கள் காத்திருப்பதற்கும் சேர்த்தே கூலி பேசிக்கொள்ளுங்கள், திரும்பி வர அங்கே வண்டி எளிதில் அகப்படாது.