சவரக்கத்தியை வீட்டிலேயே தீட்ட

மடக்குச் சவரக்கத்தியைத் தீட்ட கோணம் அளக்க வேண்டியதே இல்லை. முதுகும் (கூருக்கு எதிர்ப்புறமுள்ள தடித்த பகுதி) கூர் விளிம்பும் ஒருசேரக் கல்லில் படிந்தாலே கோணம் தானாக அமைந்துவிடும், முதுகை மட்டும் தூக்கிவிடாதீர்கள்.

முக்கால்வாசி வேலை 1000 கிரிட் கல்லில்தான் (கிரிட் என்பது கல்லின் நுண்மையைக் காட்டும் எண், எண் கூடக் கூடக் கல் நுண்மையாகும்), இதில் அவசரப்பட்டால் பிறகு எத்தனை உயர்ந்த கல்லில் தேய்த்தாலும் கத்தி முடியை வெட்டாது, இழுக்கத்தான் செய்யும். கூர் விளிம்பில் மார்க்கர் பேனாவால் கோடிட்டு நாலு தடவை தேய்த்துப் பாருங்கள், மை எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே கல் படவில்லை என்று அர்த்தம். நுனியிலிருந்து அடிவரை எந்த இடத்தில் வைத்தாலும் கை முடியை அது மழிக்க வேண்டும், அதுவரை அடுத்த கல்லைத் தொடாதீர்கள்.

அப்புறம் 4000, 8000, முடிந்தால் 12000. இங்கே அழுத்தம் கூடவே கூடாது, கத்தியின் எடையே போதும். சரியாகப் படிந்தால் கல்லின் மேலுள்ள தண்ணீர் மெல்லிய படலமாகக் கத்தி மேல் ஏறி வருவது கண்ணுக்கே தெரியும்.

கடைசியில் கூரை மெருகேற்ற, தோல் வாரில் ஐம்பது தடவை இழுங்கள். கல்லில் கூர் விளிம்பு முன்னே போகும், வாரில் முதுகுதான் முன்னே போக வேண்டும், மாற்றி இழுத்தால் தோலும் கிழியும், கூரும் போய்விடும். திருப்பும்போதும் முதுகின் மேலேயே உருட்டுங்கள்.