காலி டைரி எடுக்கும் முடிவுகள்: தனியாக பிராக்டிஸ் தொடங்கும் நடத்தை சிகிச்சையாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்தமாக பிராக்டிஸ் தொடங்கி இரண்டாவது வாரம். டைரியில் மூன்றே பெயர்கள், வாடகை தேதியோ நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போது ஓர் அம்மா போன் செய்தார். ஐந்து வயதுப் பையன், மூன்று நான்கு உணவைத் தவிர எதையும் தொடமாட்டான், எடை ஏறவே இல்லை, "நீங்க பார்ப்பீங்களா?" என்றார். "நாளைக்கே கூட்டிட்டு வாங்க" என்றேன். உணவு மறுப்பைக் கையாள நான் பயிற்சி எடுத்ததே இல்லை. நடத்தைதானே, அடிப்படை ஒன்றுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது செஷனில் கரண்டி நுனியில் மசித்த பழம் வைத்துக் கொடுத்தேன். பையன் இருமத் தொடங்கினான். முகம் சிவந்து, கண்ணில் நீர் வந்து, அடங்க அரை நிமிடம் ஆனது. விழுங்குவதில் சிக்கல் உண்டா என்று டாக்டரோ, விழுங்குதலைப் பரிசோதிக்கும் பேச்சுப் பயிற்சி நிபுணரோ பார்த்திருக்கிறார்களா? முதல் போனிலேயே கேட்டிருக்க வேண்டிய இந்தக் கேள்வி அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றே நிறுத்தி, அந்த வேலை தெரிந்தவர்களிடம் அனுப்பினேன். வாங்கிய கட்டணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பையனுக்கு எதுவும் ஆகாதது என் திறமையால் அல்ல.

இந்தத் தொழிலில் நான் பார்த்த சறுக்கல்களில் பெரும்பாலானவை காலி டைரியிலிருந்துதான் தொடங்குகின்றன. அதனால் கதவைத் திறப்பதற்கு முன்பே, பசி இல்லாத நேரத்தில், ஒரு தாளில் எழுதிவிடுங்கள்: யாரைப் பார்ப்பேன், யாரைப் பார்க்கமாட்டேன், பார்க்காதவர்களை யாரிடம் அனுப்புவேன். மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் இரண்டாவது பத்தி நிலைக்காது. அனுப்ப இடம் தெரியாதவர் எல்லோரையும் தானே வைத்துக்கொள்ளப் பார்ப்பார்.

இதை ஒட்டிய இன்னொரு தவறு, உடம்பைப் பார்க்காமல் நடத்தையைப் பார்ப்பது. பேச்சு வராத குழந்தை திடீரென்று தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தால், காது வலியாக இருக்கலாம், பல்வலியாக இருக்கலாம், நாலு நாள் மலச்சிக்கலாகவும் இருக்கலாம். கவனம் ஈர்க்கச் செய்கிறதா, வேலையிலிருந்து தப்பிக்கச் செய்கிறதா என்று டேட்டா எடுக்க உட்காரும் முன் மருத்துவப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். புதிய க்ளையண்ட்டை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் "முதலில் டாக்டரைப் பாருங்கள்" என்று சொல்லத் தயங்குபவர்கள் உண்டு.

அடுத்து மணிக்கணக்கு. இது கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியது. ஆட்டிசம் உள்ள குழந்தைக்குச் சிகிச்சை "வாரத்துக்கு 40 மணி நேரம்" என்று பெற்றோரிடம் சொல்லும் வழக்கத்தின் பின்னால் உளவியலாளர் ஐவர் லோவாஸ் 1987-இல் வெளியிட்ட ஆய்வு நிற்கிறது. தீவிரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் வழக்கமான வகுப்பில் படிக்கும் அளவுக்கு வந்தார்கள் என்றது அது. விளம்பரங்களில் சுற்றும் "47 சதவீதம்" அங்கிருந்து வந்ததுதான். குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை என்பதும், தொடையில் அடிப்பது உட்பட இன்று பெரும்பாலோர் ஏற்காத முறைகள் அதில் இருந்தன என்பதும் அந்த விளம்பரங்களில் வராது.

சம்பளத்துக்கு வேலை செய்தபோது எத்தனை மணி நேரம் பரிந்துரைத்தாலும் உங்கள் பையில் விழுவது மாறாது. முதலாளி ஆனதும் ஒவ்வொரு கூடுதல் மணியும் உங்கள் வருமானம். நீங்கள் நேர்மையானவர் என்பதால் மட்டும் இந்த இழுப்பு இல்லாமல் போகாது. நான் செய்வது இது: இந்த இலக்குக்கு இத்தனை மணி, காரணம் இது என்று எழுதி, என் வருமானத்தோடு சம்பந்தமில்லாத ஒரு சக சிகிச்சையாளரிடம் பெயரை மறைத்துக் காட்டுவேன். அவர் இரண்டு முறை பாதியாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். எரிச்சலாகத்தான் இருந்தது.

ஐம்பது செஷனுக்கு மொத்தமாக முன்பணம் வாங்கும் பேக்கேஜும் இதே ரகம். முப்பதாவது செஷனில் இலக்கு எட்டிவிட்டால் மீதி இருபதை நிரப்பக் கை தானாகப் புது இலக்கு தேடும். சிகிச்சை எப்போது முடியும் என்பதை முதல் ரிப்போர்ட்டிலேயே அளவோடு எழுதுங்கள். கட்டணம், ரத்து செய்தால் என்ன, தாமதமானால் என்ன, எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். வாய்ப்பேச்சு வேண்டாம்.

சம்மதம் என்றால் பெற்றோர் போடும் கையெழுத்து என்று நினைப்பது இன்னொன்று. நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று, சிகிச்சையாளர் மேஜையில் பரப்பிய படக் கார்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவருடைய பைக்குள்ளேயே போட்டு, ஜிப்பையும் இழுத்து மூடியது. வாயால் ஒரு வார்த்தை இல்லை. இதைவிடத் தெளிவாக யாரும் "போதும்" என்று சொல்ல முடியாது. டேட்டா ஷீட்டில் விழுந்தது "ஒத்துழைக்கவில்லை" என்ற ஒற்றைச் சொல். பிஏசிபி எனப்படும் அமெரிக்காவின் நடத்தைப் பகுப்பாய்வாளர் சான்றிதழ் வாரியம் 2022 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்திய நெறிமுறைக் கோவை, பொருந்தும் இடங்களில் க்ளையண்ட்டின், அதாவது குழந்தையின், இசைவையும் பெறச் சொல்கிறது. அந்தச் சான்றிதழ் உங்களிடம் இல்லாவிட்டாலும் ஒருமுறை முழுதாகப் படிக்கலாம்.

இலக்கைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே கேள்விதான். "கையை ஆட்டுவதை மட்டும் நிறுத்திக் கொடுங்க" என்பார்கள். அது குழந்தைக்குத் தீங்கா, பார்ப்பவர்களுக்குச் சங்கடமா? இலக்கும் வழிமுறையும் விளைவும் சம்பந்தப்பட்டவர்களுக்கு ஏற்புடையதா என்று கேட்க வேண்டும் என 1978-லேயே அமெரிக்க உளவியலாளர் மான்ட்ரோஸ் வுல்ஃப் எழுதிவிட்டார். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் தங்கள் சிறுவயது சிகிச்சை பற்றி இன்று கோபத்தோடு பேசுவதைக் கேட்டால், அந்தக் கேள்வியில் பலகாலம் குழந்தையின் குரல் விடுபட்டது புரியும்.

விளம்பரம்: தற்போதைய க்ளையண்ட்டிடம் பாராட்டுரை கேட்டு வாங்கி விளம்பரத்தில் போடக் கூடாது என்கிறது அதே கோவை. காரணம் எளிது. உங்களை நம்பி இருக்கும் தாய் "முடியாது" என்று சொல்லத் துணியமாட்டார். அழுது புரளும் குழந்தையின் "முன்பு, பின்பு" வீடியோ போடுகிறவர்கள், அந்தக் குழந்தை பதினெட்டு வயதில் அதைப் பார்க்கும் என்று ஒரு நிமிடம் நினைக்கட்டும்.

பரிசுப் பொருளுக்கு 10 டாலர் மதிப்பு வரை என்று அதே கோவை எல்லை வைத்திருக்கிறது. எல்லையை முதல் நாளே சொல்லிவிட்டால் பண்டிகை நாளில் முகம் சுண்டாது. பழைய நிறுவனத்தின் க்ளையண்ட் பட்டியலைக் கையோடு எடுத்து வருவது தவறு என்பதற்கு விளக்கம் தேவையில்லை என நினைக்கிறேன். வாட்ஸ்அப்பில் குழந்தையின் பெயரோடு ரிப்போர்ட் அனுப்புவதும் அப்படியே.

பிராக்டிஸ் வளர்ந்து உதவியாளர்களை வைக்கும்போது ஒரு புதுத் தவறு முளைக்கும். முதலாளி வந்து அசெஸ்மென்ட் செய்வார், கையெழுத்துப் போடுவார், அதன் பிறகு அந்த வீட்டுப் பக்கமே வரமாட்டார். பிஏசிபி உதவியாளர்களுக்குத் தரும் ஆர்பிடி என்ற சான்றிதழ் உள்ளவர்களுக்கு, அவர்கள் சிகிச்சை தரும் நேரத்தில் மாதம் குறைந்தது 5 சதவீதம் மேற்பார்வை இருக்க வேண்டும். அது தரை, கூரை அல்ல. மேற்பார்வை இல்லாத இடத்தில்தான் டேட்டா ஷீட் செஷன் முடிந்து காரில் உட்கார்ந்து நிரப்பப்படுகிறது. எல்லா எண்களும் ஒரே பேனா மையில், ஒரே சாய்வில், ஒரு அடித்தல்கூட இல்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கடைசியாக ஒன்று, யாரும் முதல் வருடத்தில் யோசிக்காதது. நாளை உங்களுக்கு விபத்து நடந்து இரண்டு மாதம் படுத்துவிட்டால், குழந்தைகளின் பெற்றோருக்கு யார் போன் செய்வார்கள்? ரிப்போர்ட்டுகள் எங்கே இருக்கின்றன, பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும், யார் தொடர்ந்து பார்ப்பார்கள்? என் அலமாரியில் ஒட்டி மூடிய ஒரு கவர் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பது மட்டும் என் அக்காவுக்குத் தெரியும். பிரிக்கும் உரிமை இன்னொரு சிகிச்சையாளருக்கு. அப்படி ஓர் ஏற்பாடு இருப்பது பெற்றோர் கையெழுத்திடும் படிவத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்ளே இருக்கும் பட்டியலைப் புதுப்பித்து, புதுக் கவரில் போட்டு ஒட்டிவிடுவேன்.