பல்லில் கிளிப் போட்டிருக்கும் காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்லுக்குக் கிளிப் போட்டவர்களும் அவர்களுடைய பெற்றோரும் பெரும்பாலும், ஒவ்வொரு பல்லிலும் ஒட்டப்படும் பிராக்கெட் என்ற சிறு துண்டு பெயர்ந்துவிடுமோ, கம்பி வளைந்துவிடுமோ என்றே அஞ்சுகிறார்கள். பெயர்ந்த பிராக்கெட்டை மருத்துவர் மறுபடி ஒட்டிவிடுவார். ஆனால் அதைச் சுற்றியுள்ள எனாமல், அதாவது பல்லின் கடினமான மேலுறை, அரித்துப்போனால், அதைப் பழையபடி முழுமையாக மீட்பது யாராலும் ஆகாத காரியம். பெரிய தவறுகள் எல்லாம் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

பிராக்கெட்டின் விளிம்புக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு குறுகிய பட்டை இருக்கிறது. பிரஷ் எளிதில் எட்டாத அந்த இடத்தில் படியும் பற்படலத்தில் வாழும் பாக்டீரியாக்கள் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் அமிலமாக மாற்றுகின்றன. பல்லின் மேற்பரப்பில் பிஎச் அளவு (அமிலம் கூடக் கூட இது குறையும்) ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கும்போது எனாமலின் தாதுக்கள் கரையத் தொடங்குகின்றன. சரியாகத் துலக்காத வாயில் ஒரு மாதத்துக்குள்ளேயே சுண்ணாம்பு நிற வெண்புள்ளிகள் தோன்றக்கூடும். கிளிப்பைக் கழற்றும் நாளில், பிராக்கெட் ஒட்டியிருந்த சதுரம் மட்டும் இயல்பான நிறத்திலும் அதைச் சுற்றி வெள்ளை வளையமுமாகப் பற்கள் வரிசையாக நிற்பதைக் கண்டு வருந்தும் இளைஞர்கள் உண்டு.

எனவே முன்புறத்தை மட்டும் வேகமாகத் தேய்த்துவிட்டு நிறுத்துவதுதான் முதல் தவறு. பிரஷை ஈறோரத்தில் சற்றே சாய்த்து வைத்து, பிராக்கெட்டின் மேற்பக்கம் ஒரு முறை, கீழ்ப்பக்கம் ஒரு முறை என்று தனித்தனியாகத் துலக்க வேண்டும். பிறகு சிறிய இடைப்பல் பிரஷைக் கம்பிக்கு அடியில் செலுத்தி, பிராக்கெட்டின் இரு பக்கவாட்டையும் சுத்தம் செய்ய வேண்டும். சுத்தமாகியதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு: நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று பாருங்கள், உலோக பிராக்கெட்டின் விளிம்புகள் கூர்மையாகத் தெரிந்து பளபளத்தால் சரி, மங்கலாகத் தெரிந்தால் அங்கே அழுக்கு இருக்கிறது. ஃபுளூரைடு கலந்த பற்பசையைப் பயன்படுத்திவிட்டு உடனே வாய் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிப்பதும் பலர் அறியாமல் செய்யும் தவறாகும். நுரையைத் துப்பினால் போதும். ஃபுளூரைடு சிறிது நேரம் பல்லில் தங்கட்டும்.

ஈறுகளில் ரத்தம் கசிந்தால் பலர் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அந்தக் கசிவு அழுக்கு சேர்ந்ததால் வரும் வீக்கத்தின் அறிகுறி என்பதால், மென்மையான பிரஷால் அங்கேதான் கூடுதல் கவனத்துடன் துலக்க வேண்டும். ஓரிரு வாரத்தில் நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உணவைப் பொறுத்தவரை, சீடையும் கடலை மிட்டாயும் கரும்பும் நல்லி எலும்பும் இந்தக் காலத்துக்கு ஆகாதவை என்பதை ஏறக்குறைய எல்லோரும் அறிவார்கள். கொய்யாவையும் ஆப்பிளையும் முன்பல்லால் கடிக்காமல், துண்டு துண்டாக நறுக்கித் தின்னலாம். அதைவிட அதிகம் கெடுதல் செய்வது, ஒரு குளிர்பானப் பாட்டிலை மேசையில் வைத்துக்கொண்டு மாலை முழுவதும் மிடறு மிடறாகக் குடிக்கும் பழக்கம்; ஒவ்வொரு மிடறும் அமிலத்தைப் புதுப்பித்துவிடுவதால், உமிழ்நீர் எனாமலைச் சரிசெய்ய நேரமே கிடைப்பதில்லை. மஞ்சள்தூளின் சாயம் ஏறி, பிராக்கெட்டில் மாட்டிய நிறமற்ற ரப்பர் வளையங்கள் மஞ்சளாவதற்கு அஞ்சிச் சாம்பாரைத் துறக்க வேண்டியதில்லை. அடுத்த முறை அவற்றை மாற்றிவிடுவார்கள்.

பிராக்கெட் ஒட்டு விட்டுக் கம்பியில் நகர்ந்துகொண்டிருந்தால், வலி இல்லையே என்று அடுத்த சந்திப்புவரை காத்திருப்பது சரியல்ல. அந்தப் பல் திட்டமிட்டபடி நகராமல் நின்றுவிடுவதால் சிகிச்சைக் காலம் நீளும். உடனே தொலைபேசியில் தெரிவித்துவிட வேண்டும். கம்பி நுனி கன்னத்தில் குத்தினால், அதற்கென்றே தரப்படும் மெழுகை உருட்டி, ஈரம் துடைத்த இடத்தில் அழுத்தி வைக்கலாம். நகவெட்டியால் கம்பியை நறுக்க முனைவது ஆபத்தானது, ஏனெனில் வெட்டுப்பட்ட துண்டு தொண்டைக்குள் போய்விடக்கூடும்.

மேல் தாடைக்கும் கீழ்த் தாடைக்கும் இடையே மாட்டும் ரப்பர் பேண்டை ஒரு நாள் மறந்துவிட்டு, மறுநாள் ஈடுகட்டுவதற்காக இரண்டாக மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பல் நகர்வதற்கு மிதமான, தொடர்ச்சியான விசைதான் வேண்டும். திடீரென்று கூட்டிய விசை வலியைத் தருவதோடு வேரையும் பாதிக்கக்கூடும். நாள் முழுதும் இழுபட்ட ரப்பர் தளர்ந்துவிடுவதால், மருத்துவர் சொன்ன இடைவெளியில் புதியதை மாட்டுவதே முறையாகும்.

கம்பிக்குப் பதிலாக அலைனர் என்ற, கழற்றி மாட்டக்கூடிய பிளாஸ்டிக் உறை அணிபவர்களுக்குப் பொதுவாக நாளொன்றுக்கு 20 முதல் 22 மணி நேரம் சொல்லப்படுகிறது. அதை அணிந்தபடியே காபி குடிப்பதும், வெந்நீரில் கழுவுவதும், உணவகத்தில் கழற்றித் தாளில் சுற்றித் தட்டருகே வைப்பதும் வழக்கமான தவறுகள். காபி உள்ளே தேங்கும், வெந்நீர் வடிவத்தைக் குலைக்கும், தாளில் சுற்றியது எச்சில் தட்டோடு குப்பைக்குப் போகும்.

கிளிப்பைக் கழற்றியதும் எல்லாம் முடிந்தது என்று, பற்களைப் புதிய இடத்திலேயே நிறுத்திவைக்கத் தரப்படும் ரிடெய்னரை அலமாரியில் போட்டுவிடுவது, செலவழித்த பணத்தையும் காலத்தையும் ஒருசேர வீணாக்கும் தவறு. பல்லைச் சுற்றியுள்ள ஈறு நார்கள் புதிய நிலைக்குப் பழக ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். அதன் பிறகும் பற்கள் மெல்ல நகரும் இயல்புடையவை என்பதால், பலருக்கு இரவு நேரத்தில் மட்டுமாவது நெடுங்காலம் அணியச் சொல்கிறார்கள். சில நாள் விட்டுவிட்டு மறுபடி போடும்போது ரிடெய்னர் இறுக்கமாக இருந்தால் பல் நகரத் தொடங்கிவிட்டது என்று பொருள். அது முழுமையாகப் பொருந்தாத நிலையில் கடித்து அழுத்திப் பொருத்த முயலாமல், அந்த வாரமே மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.