நாலு பேர் காசு, மூணு பேர் பயணம்: ஒரு லீவு நாவல் எழுதும் விதம்

என் சிநேகிதி இறந்துபோன இரண்டாம் வருஷம், மே மாதத்தில், கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு நாவல் தொடங்கினேன். படிப்பவர் ஒரே மத்தியானத்தில் நுங்கு தின்றபடி முடிக்க வேண்டும், சிரிக்க வேண்டும், செத்துப்போனவளும் கூடவே வர வேண்டும். மூன்று முறை கிழித்துப் போட்ட பிறகு கைக்கு வந்ததைச் சொல்கிறேன்.

முதலில், பெண்கள் சேர்ந்து கிளம்ப ஒரு காரணம் வேண்டும். 'மனசு ஆற' என்று எழுதாதீர்கள். அப்படிச் சொல்லிக்கொண்டு நம்மூரில் யாரும் வீட்டை விட்டு இறங்குவதில்லை. காசு நல்ல காரணம். என் கதையில் நாலு பேர் ஊட்டி மலை ரயிலுக்காக மாசம் 500 ரூபாய் சேர்க்கிறார்கள். இருபதாவது மாசம் ஒருத்தி இறந்துபோகிறாள். அவள் பங்கு பத்தாயிரத்தைக் கொடுக்கப் போனால் அவள் வீட்டுக்காரர் வாங்க மறுக்கிறார். "அவ போகோணும்னு சொன்ன எடத்துக்கு நீங்களாச்சும் போயிட்டு வாங்கம்மிணி."

நாலு நாள் போதும். கொடிவேரி அணையில் ஒரு பகல், மீன் வறுவலோடு. மேட்டுப்பாளையத்தில் ஒரு ராத்திரி. பிறகு ரயில். 46 கிலோமீட்டர் ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்து சண்டை போடவும் சமாதானமாகவும் அது தாராளம்.

இழப்பு, வெறுமை என்கிற வார்த்தைகளை இவர்கள் வாயில் வைக்காதீர்கள். 'அவ இருந்தா' என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினால் போதும். துக்கத்தைச் சாப்பாட்டில் வையுங்கள். இறந்தவள் அரிசிம்பருப்பு சாதத்தில் இருக்கும் சின்ன வெங்காயத்தைப் பொறுக்கிப் பக்கத்து இலையில் போடுகிறவள். ரயிலில் தூக்குப்போசியைத் திறந்து சாப்பிடும்போது, அந்தப் பக்கத்து இலைக்காரி கொஞ்ச நேரம் கை வைக்காமல் இருக்கிறாள். எதிரே இருப்பவள் ஒன்றும் பேசாமல் தன் இலையிலிருந்து நாலு வெங்காயத்தை எடுத்து அங்கே வைக்கிறாள். இதற்கு நான் ஒரு வரி விளக்கம் எழுதியிருந்தேன், எடுத்துவிட்டேன்.

அழுகையைச் சிரிப்புக்குப் பக்கத்திலேயே விடுங்கள். "எஞ்சின் பொறகால நின்னு தள்ளும் புள்ள" என்று அவள் உயிரோடு இருந்தபோது சாதித்தாள். ஒருத்தியும் நம்பவில்லை, ஒரு சாயங்காலம் முழுக்கக் கேலி செய்தார்கள். மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் பார்த்தால் நிஜமாகவே எஞ்சின் கடைசியில் நிற்கிறது. குன்னூர் வரை அது பின்னாலிருந்துதான் தள்ளுகிறது. மூவரும் பிளாட்பாரத்தில் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவளிடம் போய் 'நீ சொன்னதுதான் சரி' என்று சொல்ல முடியாது என்பது ஒருத்திக்கு அப்போதுதான் உறைக்கிறது.

முடிவில் பவானி கூடுதுறைக்கு அழைத்துப் போகாதீர்கள். கருமாதிக் காட்சி எழுதினால் கதை பாரமாகிவிடும்.

எழுதி முடித்ததை, இறந்தவளைத் தெரிந்த ஒருத்திக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். நான் படித்தபோது என் தோழி ஒரே இடத்தில்தான் நிறுத்தினாள். "அவ என்னைக்குப் புள்ள மன்னிச்சுக்கோன்னு சொல்லியிருக்கறா? அடிச்சுப்போடு." அடித்தேன். அந்த இடத்தில் இப்போது அவள் ஒரு டம்ளர் மோரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போகிறாள்.