முக்குகிறாள் என்று நினைத்தோம், அடக்கிக்கொண்டிருந்தாள்: பிள்ளைகளின் மலச்சிக்கலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. சாயங்காலம் விளையாடிக்கொண்டே இருப்பவள் திடீரென்று கதவு மூலைக்குப் போய்விடுவாள். ஒரு கையால் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு, கால் இரண்டையும் பின்னி, நுனிவிரலில் எக்கி நிற்பாள். முகம் சிவந்துவிடும். இரண்டு நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல ஓடிவிடுவாள். பாவம், மோஷன் வராமல் முக்குகிறாள் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். இதை விவரித்ததும் குழந்தைகள் டாக்டர் சொன்னார்: "அவ முக்கலைங்க. வர்றதை உள்ளே அடக்குறா."

அதற்கப்புறம்தான் விஷயம் புரிந்தது. என்றைக்கோ ஒருநாள் கெட்டியாகப் போய் வலித்திருக்கிறது. ஆசனவாயில் சின்ன வெடிப்புகூட விழுந்திருக்கலாம். அடுத்த முறை உணர்வு வந்ததும் பயத்தில் அடக்கியிருக்கிறாள். மலம் பெருங்குடலில் தங்கத் தங்க, அதிலுள்ள நீரைக் குடல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இன்னும் இறுகும், இன்னும் பெரிதாகும், மறுபடி போகும்போது முன்பைவிட வலிக்கும். பள்ளி வயதுப் பிள்ளைகளின் மலச்சிக்கலில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் இந்த மாதிரிதான். குடலில் வேறு நோய் எதுவும் இருக்காது. ஆகவே இது வயிற்றுப் பிரச்சினை மட்டும் இல்லை, பயமும் சேர்ந்தது. நாம் செய்கிற தவறுகளில் பாதி, இந்தப் பயத்தைக் கணக்கில் எடுக்காததால் வருபவை.

அதில் மோசமானது திட்டுவது. உள்ளாடையில் கறை இருந்தால், "இவ்வளவு வயசாகியும் இப்படியா" என்று கேட்டுவிடுகிறோம். நானும் கேட்டிருக்கிறேன், இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மலக்குடலில் கெட்டியான மலம் அடைத்துக்கொண்டிருக்கும்போது, மேலிருந்து வரும் இளகிய மலம் அதன் ஓரமாகக் கசிந்து வெளியே வரும். குடல் நாள்கணக்கில் விரிந்தே இருப்பதால் உணர்வும் மங்கிவிடும். கசிவது பிள்ளைக்கே தெரியாது. சோம்பேறித்தனமும் இல்லை, வேண்டுமென்று செய்வதும் இல்லை. சில வீடுகளில் இதைப் பேதி என்று நினைத்துப் பேதியை நிறுத்தும் மருந்து கொடுத்துவிடுகிறார்கள். அடைப்பு இன்னும் இறுகிப்போகும்.

"அவன்தான் தினமும் போகிறானே" என்று விட்டுவிடுவதும் தவறு. தினமும் ஆட்டுப்புழுக்கை மாதிரி நாலு உருண்டை போனால் வயிறு சுத்தமாகிறது என்று அர்த்தம் இல்லை. வாரத்தில் எத்தனை முறை என்பதோடு எப்படிப் போகிறது என்பதையும் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு முறை அல்லது அதற்கும் குறைவு, போகும்போது வலி, கழிப்பறையே அடைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிய மலம், கறை, கால் பின்னி நிற்பது, இவற்றில் இரண்டு இருந்தாலே டாக்டரிடம் காட்டலாம். சரியாகிவிட்ட படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்ப வந்தாலும், அடிக்கடி சிறுநீர்த் தொற்று வந்தாலும் மலச்சிக்கல் இருக்கிறதா என்று கேளுங்கள். நிறைந்த மலக்குடல் பக்கத்திலேயே இருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்தும்.

இனி சாப்பாடு. நான் செய்த பெரிய தவறு இங்கேதான். விஷயம் தெரிந்ததுமே ஒரு வாரம் கீரை, சுண்டல், வாழைத்தண்டு, ஓட்ஸ் என்று அடுக்கிவிட்டேன். வயிறு உப்பி, வலி கூடி, அவள் சாப்பிடவே மறுத்தாள். ஏற்கெனவே அடைத்திருக்கும் குடலில் மேலே மேலே நார்ச்சத்தைப் போட்டால் இப்படித்தான் ஆகும். முதலில் டாக்டர் தரும் மருந்தால் தேங்கியதை வெளியேற்ற வேண்டும், மலம் இளகி வலி நிற்க வேண்டும். சாப்பாட்டு மாற்றம் அதற்குப் பிறகு, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக.

எவ்வளவு நார்ச்சத்து வேண்டும்? வயதோடு ஐந்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், குறைந்தபட்சம் அத்தனை கிராம். எட்டு வயதுக்கு 13 கிராம். சரி, நம் பிள்ளைகளின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் இரண்டு இட்லி, மதியம் தயிர் சாதம், சாயங்காலம் பிஸ்கட், ராத்திரி தோசை. வயிறு நிறைந்துவிடும், ஆனால் எல்லாமே தீட்டிய அரிசியும் மைதாவும். 100 கிராம் வெள்ளைச் சோற்றில் அரை கிராம் நார்ச்சத்துகூட இருக்காது. இட்லிக்குச் சாம்பார் ஊற்றினாலும் அதிலிருக்கிற காய் தட்டின் ஓரத்தில் ஒதுங்கிவிடும். இதே நாளில் சாயங்காலப் பிஸ்கட்டை எடுத்துவிட்டு ஒரு கைப்பிடி கொண்டைக்கடலைச் சுண்டலும் ஒரு நடுத்தரக் கொய்யாவும் கொடுத்துப் பாருங்கள். சுண்டலில் நாலு கிராம், கொய்யாவில் ஐந்து கிராம் கிடைத்துவிடும். மிச்சத்தைப் பொரியலும் கீரையும் பார்த்துக்கொள்ளும்.

கொய்யா என்றதும் சளி பிடிக்கும், விதை குடல்வாலில் சிக்கும் என்று பெரியவர்கள் தடுப்பார்கள். விதை சும்மா வெளியே வந்துவிடும், பயப்பட வேண்டாம். பத்து ரூபாய்க் கொய்யாவை ஒதுக்கிவிட்டு, அதில் பாதி நார்ச்சத்துகூட இல்லாத ஆப்பிளைத் தோல் சீவிக் கொடுப்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பழத்தை ஜூஸாக்கி வடிகட்டுவதும் அப்படியே. தேவையானது வடிகட்டியிலேயே நின்றுவிடுகிறது. வாழைப்பழம் நல்லதுதான், நன்றாகப் பழுத்திருக்க வேண்டும். ஆனால் ராத்திரி ஒரு பழம் கொடுத்தால் கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

பாலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாப்பிடாத பிள்ளைக்குப் "பாலாவது குடிக்கட்டும்" என்று நாளைக்கு மூன்று நாலு டம்ளர் கொடுக்கிறோம். பால் பசியை அடக்கும், பிள்ளை இன்னும் சாப்பிடாது. நாளைக்கு 400 முதல் 500 மில்லி போதும்.

தண்ணீர் பாட்டில் சாயங்காலம் நிறைந்தபடியே திரும்பி வந்தால், "ஏன் குடிக்கலை" என்பதோடு நிறுத்தாதீர்கள். "ஸ்கூல் பாத்ரூம் எப்படி இருக்கு" என்று கேளுங்கள். தாழ்ப்பாள் இல்லை, நாற்றம் அடிக்கிறது, தண்ணீர் வரவில்லை, மிஸ் விடமாட்டார்கள். என் மகள் சொன்னது இந்த நாலும்தான். பாத்ரூம் போகக்கூடாது என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறாள். 2019-இல் கேரளப் பள்ளிகள் பலவற்றில் தண்ணீர் குடிக்க என்றே மணி அடிக்கத் தொடங்கினார்கள். நல்ல ஏற்பாடு, ஆனால் குடித்த பிள்ளை போவதற்கு இடம் வேண்டுமே. வகுப்பு ஆசிரியையிடம் போய், இவள் கேட்டால் எந்த நேரமும் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுக்கவில்லை. நான்தான் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

காலை அவசரமும் ஒரு காரணம். சாப்பிட்டதும் பெருங்குடல் தானாக அசையத் தொடங்கும். காலை உணவு முடிந்த அரை மணிக்குள் உட்காரவைப்பதுதான் சரியான நேரம். அந்த நேரத்தில்தான் நம் பிள்ளைகள் ஷூ லேஸ் கட்டிக்கொண்டு வேனுக்கு ஓடுகிறார்கள். இருபது நிமிடம் முன்னால் எழுப்புங்கள். முடியவே முடியாது என்றால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்காரட்டும். ஐந்து முதல் பத்து நிமிடம் போதும், வந்தாலும் வராவிட்டாலும் எழுந்துவிடலாம். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்குக் கீழே ஒரு முக்காலி போடுங்கள். கால் தொங்கினால் முக்க வராது.

வீட்டு வைத்தியத்தில் சிலவற்றை உறுதியாக நிறுத்த வேண்டும். சோப்புத் துண்டையோ எண்ணெய் தடவிய வெற்றிலைக் காம்பையோ ஆசனவாயில் வைப்பது, ஏற்கெனவே புண்ணான இடத்தை இன்னும் புண்ணாக்கும், பயத்தையும் கூட்டும். பிள்ளையைப் பிடித்துப் படுக்கவைத்து விளக்கெண்ணெய் புகட்டும்போது அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரை கொண்டுபோய்விடும்.

கடைசியில் மருந்து. நாலு நாள் நன்றாகப் போனதும் "பழகிவிடும்" என்று பயந்து நிறுத்திவிடுகிறோம். லாக்டுலோஸ், பாலிஎத்திலீன் கிளைகால் போன்றவை குடலில் நீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்குபவை. குடல் அவற்றுக்கு அடிமையாவதில்லை. விரிந்த குடல் பழைய நிலைக்குச் சுருங்க மாதக்கணக்கில் ஆகும். குறைந்தது இரண்டு மாதம் கொடுத்து, டாக்டர் சொன்னபடி மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். பிறந்த நாளிலிருந்தே சிக்கல், பச்சையாக வாந்தி, வயிறு வீங்கி இறுகுவது, எடை ஏறாமை, காலில் பலவீனம், மலத்தில் ரத்தம் இவை இருந்தால் வீட்டில் எதுவும் முயலாமல் உடனே காட்டுங்கள்.

எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது. சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டரில், போன நாள்களுக்கு அவளே பச்சைப் பேனாவால் டிக் போட்டாள். முதல் மாதத்தில் ஒன்பது டிக். ஐந்தாம் மாதத்தில் பாதிக்கு மேல் டிக் போட மறந்துபோயிருந்தாள். திரைச்சீலைப் பக்கம் அவள் போய் நின்றதை அந்த மாதம் நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.