பழைய பைக்கைப் புகைச் சோதனைக்குக் கொண்டுபோகும் முன்

2000-க்குப் பிறகு வந்த கார்புரேட்டர் பைக்குகளுக்கு, ஐடிலிங்கில் (வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது) புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பெரும்பாலும் பெட்ரோல் கலவை அதிகம் என்று அர்த்தம். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனையில் கரி மை போல் அப்பியிருந்தால் அதேதான்.

முதலில் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள். சிலருக்குச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். அப்புறம் பத்து நிமிடம் ஓட்டி இன்ஜினைச் சூடாக்குங்கள். சோக் (குளிரில் ஸ்டார்ட் செய்யப் பெட்ரோல் கலவையைக் கூட்டும் லீவர்) ஆஃபில் இருக்கட்டும்.

இப்போது கார்புரேட்டரில் காற்று-பெட்ரோல் அளவைச் சரிசெய்யும் கலவை ஸ்குரூ. அது ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்றை ஆளும். வெளியே திருப்பினால் பெட்ரோல் குறையும். இன்ஜின் பக்கம் இருந்தால் நேர்மாறு, உள்ளே திருப்ப வேண்டும். இதை மாற்றிச் செய்துவிட்டுத் தவிப்பவர்கள் நிறைய.

மெல்ல உள்ளே முட்டும்வரை திருகுங்கள். இறுக்கவே வேண்டாம், ஊசிமுனை நசுங்கிவிடும். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, கால் கால் சுற்றாக நகர்த்தி, இன்ஜின் சத்தம் வேகமாகவும் சீராகவும் கேட்கும் இடத்தைப் பிடியுங்கள். அங்கிருந்து பெட்ரோல் குறையும் பக்கம் அரைக்கால் சுற்று. பிறகு ஐடிலிங் வேகத்தைச் சரிசெய்யும் ஐடில் ஸ்குரூவைக் குறைத்து, பழைய வேகத்துக்குக் கொண்டுவாருங்கள்.

பெட்ரோலை அதற்கு மேல் குறைக்காதீர்கள். இன்ஜின் சூடேறும், நெருப்பு தவறி ஹைட்ரோகார்பன் அளவு எகிறும். சோதனை மையத்துக்கும் சூடு ஆறுவதற்குள் போய்விடுங்கள்.