பழைய புல்லட்டின் முன் ஃபோர்க்கைச் சீராக்கும் முறை

திருவொற்றியூரில் வார்ப்பிரும்பு இன்ஜினோடு தயாரான பழைய 350 சிசி புல்லட், பள்ளத்தில் இறங்கும்போது முன்பக்கம் ‘டங்’கென்று இடித்தால், பட்டறையில் முதலில் கிடைக்கும் யோசனை, முன்சக்கரத்தைத் தாங்கி அதிர்ச்சியை வாங்கும் இரட்டைக் கால்களான ஃபோர்க்கில் ஆயிலைக் கெட்டியாக ஊற்றிவிடலாம் என்பதுதான். நானும் அந்தப் பேச்சைக் கேட்டு ஒருமுறை எஸ்.ஏ.இ. 40 இன்ஜின் ஆயிலை ஊற்றினேன். இடி நின்றது; ஆனால் சாலையில் கிடந்த சின்னக் கல்கூட மணிக்கட்டில் ஏறியது. இவ்வகை ஃபோர்க்கில் ஆயிலானது, அளவு மாறாத சிறு துளைகளின் வழியே பிதுங்கிப் போவதால்தான் ஆட்டம் அடங்குகிறது. அந்தத் துளைகளின் எதிர்ப்போ, ஃபோர்க் அமுங்கும் வேகம் இரட்டித்தால் ஏறத்தாழ நான்கு மடங்காகிவிடும். மெதுவான அசைவுக்காக ஆயிலைக் கெட்டியாக்கினால், திடீர் மேட்டில் ஃபோர்க் கட்டைபோல நின்றுவிடுகிறது. ஆகவே ஆயிலைத் தொடுவதற்கு முன், எங்கே ஆடுகிறது, எங்கே இறுகுகிறது என்ற இரண்டையும் கண்டறிந்துவிட வேண்டும்.

வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, முன்சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கிக்கொள்ளுங்கள். இரண்டு ஃபோர்க் கால்களையும் அடியில் பிடித்து முன்னும் பின்னும் அசைக்கும்போது, கழுத்துப் பகுதியில் வைத்த விரலுக்கு மெல்லிய தட்டல் தெரிந்தால் கோன்செட் (ஹேண்டில்பார் திரும்பும் கழுத்து பேரிங்) தளர்ந்திருக்கிறது. அதை முடுக்கிய பிறகு, ஹேண்டில்பாரை நடுவிலிருந்து சற்றே தள்ளிவிட்டால் அது தானாகவே இருபுறமும் ஓரம்வரை சரிய வேண்டும். நடுவில் பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றால் கிண்ணங்களில் பால்ரஸ் தடம் பதிந்துவிட்டது என்று பொருள். எவ்வளவு முடுக்கினாலும் பயனில்லை, செட்டையே மாற்ற வேண்டும். விறைத்துப்போன கேபிளும் இதே குறியைக் காட்டி ஏமாற்றும் என்பதால், சந்தேகம் வந்தால் கேபிள்களைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

அடுத்து சக்கரத்தைக் கழற்றி, ஒவ்வொரு காலையும் தனித்தனியாக மேலே தள்ளிப் பார்க்க வேண்டும். தனித்தனியே வழுக்கிக்கொண்டு போகும் கால்கள் சக்கரம் மாட்டியதும் இறுகினால், கோளாறு ஸ்பிரிங்கிலும் இல்லை, ஆயிலிலும் இல்லை. இரு குழாய்களும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை. தகர உறைகளை நீக்கி, ஓரம் தேய்த்த ஒரு கண்ணாடித் துண்டைக் குழாய்கள் இரண்டின் மேலும் குறுக்காகப் படிய வையுங்கள். நான்கு மூலையும் படிந்து உட்கார்ந்தால் நல்லது. ஒரு மூலையை அழுத்தும்போது எதிர்மூலை ‘டிக்’கென்று எழுந்தால் ஃபோர்க் முறுக்கியிருக்கிறது. இரு குழாய்களையும் சேர்த்துப் பிடிக்கும் தாங்கியான கீழ் டி-யின் கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி, கண்ணாடி ஆடாமல் படியும்வரை திருப்பி, மீண்டும் முடுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகவில்லை என்றால் குழாய்களைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டி, இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். லேசான வளைவைப் பிரஸ்ஸில் நிமிர்த்தலாம். மடிப்பு விழுந்த குழாயை நிமிர்த்தித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

ஆயில் சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) ஓடும் இடத்தில் நகத்தை மேலிருந்து கீழாக இழுங்கள். நகம் சிக்கும் துருப்புள்ளி இருந்தால் புதுச் சீலும் சில வாரங்களில் கசியும். புதுச் சீலை இறக்கும்போது குழாயின் மரைமேல் ஆயில் தடவிய பாலித்தீன் தாளைச் சுற்றிக்கொண்டால் சீலின் உதடு கிழியாது. உள்ளே சிறு ஸ்பிரிங் வளையம் தெரியும் பக்கம் ஆயிலை நோக்கி, அதாவது கீழ்நோக்கி, இருக்க வேண்டும்.

பழைய ஆயிலை இரண்டு கால்களிலிருந்தும் தனித்தனிக் குப்பிகளில் வடித்து அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவில் இருந்தால்தான் வியப்பு. ஒரு காலுக்கு ஏறத்தாழ 200 மி.லி. கொள்ளும், எஸ்.ஏ.இ. 10டபிள்யூ-30 ஆயிலே போதும். அளவைக் கூட்டுவது கெட்டி ஆயிலை விடக் கெடுதல், ஏனென்றால் ஆயிலுக்கு மேலே அடைபட்ட காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். அதன் இடம் குறைந்தால் கடைசி அமுக்கத்தில் அழுத்தம் ஏறிச் சீலைப் பிதுக்கிவிடும். ஊற்றிய பிறகு ஃபோர்க்கைப் பத்துப் பன்னிரண்டு முறை அமுக்கி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றிவிட்டு மூடியைப் போடுங்கள்.

சக்கரத்தை மாட்டும் வரிசையில்தான் பலரும் செய்த வேலையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பிரேக் பிளேட் ஃபோர்க் காலில் அதற்குரிய இடத்தில் பொருந்தியிருப்பதைக் கண்ணால் உறுதி செய்துகொள்ளுங்கள்; இது தவறினால் பிரேக் பிடித்ததும் பிளேட்டே சுழன்றுவிடும். பிறகு ஆக்சிலைப் பிடிக்கும் அடி மூடிகளின் நட்டுகளைக் கைமுடுக்காக மட்டும் போட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, பின்பிரேக்கைப் பிடித்தபடி முன்பக்கத்தை ஐந்தாறு முறை நன்றாக அமுக்குங்கள். அப்போது கால்கள் ஆக்சில்மேல் தமக்கு இசைவான இடத்தைத் தாமே தேடி உட்காரும். அதன்பின் பிரேக் டிரம் இருக்கும் பக்கத்தை முடுக்கி, இன்னொருமுறை அமுக்கி, மறுபக்கத்தை முடுக்குங்கள்.

கடைசியாக, வண்டி உங்கள் எடைக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். சக்கரம் தூக்கியிருக்கும்போது கீழ் டி-யிலிருந்து ஆக்சில் நடுவரை டேப்பில் அளந்து, பிறகு நீங்கள் ஏறி உட்கார்ந்து கால்களைத் தூக்கிக்கொள்ள, ஒருவர் பின்னால் பிடித்திருக்க, மற்றொருவர் அதே அளவை எடுக்கட்டும். ஃபோர்க்கின் மொத்த ஓட்டத்தில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை இறங்கினால் ஸ்பிரிங் நலமாக இருக்கிறது, 120 மி.மீ. ஓட்டமென்றால் 30 முதல் 40 மி.மீ. பாதிக்கு மேல் இறங்கினால் ஸ்பிரிங் தொய்ந்துவிட்டது, ஜோடியாகவே மாற்றுங்கள்.

நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு கோன்செட் நட்டையும் அடி மூடி நட்டுகளையும் மறுபடி ஸ்பேனர் வைத்துப் பார்த்து, சீலுக்குக் கீழே ஈரம் தெரிகிறதா என்று வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்.